பில்லில் ஜாதி எழுதுவதில்லை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மருந்துக் கடையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் ஊர் ஒரு மாதிரி தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு என்பது மட்டுமல்ல. யார் முழு அட்டை வாங்குகிறார்கள், யார் நாலு மாத்திரை மட்டும் கத்தரித்துத் தரச் சொல்கிறார்கள், யார் சீட்டை நீட்டி விலையைக் கேட்டுவிட்டு "அப்புறம் வரேண்ணே" என்று நகர்கிறார்கள் என்பதும் தெரியும். வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் பிள்ளைகளே, "அப்புறம் வரேண்ணே" என்று போனவர்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன். அதிலும் கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தவர்களைப் பற்றி. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கலாம். சொட்டு மருந்துப் புட்டியில் பாதியை ஊற்றிக் கொடுக்க முடியாது. வாங்கினால் முழுசு, இல்லாவிட்டால் வெறுங்கை.

டாக்டர்கள் கிளாக்கோமா என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் "கண் பிரஷர்" என்பார்கள். கண்ணுக்குள்ளே ஒரு திரவம் ஓயாமல் சுரந்து ஓரத்தில் உள்ள நுண்ணிய வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. அந்த வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். திடீரென்று கண் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து வருகிற வகையும் உண்டு. அவர்கள் பிழைத்தார்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். மற்ற வகை வலிக்காது, சிவக்காது, உறுத்தாது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். பேப்பர் படிப்பார், டி.வி. பார்ப்பார், ஆனால் சி.டி.எச். ரோட்டைக் கடக்கும்போது பக்கவாட்டில் வருகிற ஆட்டோ தெரியாது. புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். இதில் போனது போனதுதான். சொட்டு மருந்து மிச்சமிருப்பதை மட்டும் காப்பாற்றும்.

இதனால் ஒரு பெரிய சங்கடம். தலைவலி மாத்திரை போட்டால் அரை மணியில் பலன் தெரியும். இந்த மருந்தை வருஷக்கணக்கில் ஊற்றினாலும் நன்றாக இருப்பதாக ஒன்றும் தோன்றாது. சொல்லப்போனால் கண் கொஞ்சம் எரியும். கையில் காசு குறைகிற மாதத்தில் வீட்டில் எதை நிறுத்துவார்கள்? நிறுத்தினால் வலிக்காததை.

2001 முதல் 2004 வரை சங்கர நேத்ராலயாவின் டாக்டர்கள், லிங்கம் விஜயா, ரோனி ஜார்ஜ் முதலானோர், சென்னை கிளாக்கோமா ஆய்வு என்று ஒன்றை நடத்தினார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் போய்ச் சோதித்தார்கள். நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்குத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்கள். வலி காட்டாத அந்த வகை கிராமத்தில் நூற்றுக்கு 1.62 பேருக்கு இருந்தது, நகரத்தில் 3.51 பேருக்கு. என்னை உலுக்கியது அந்தக் கணக்கு அல்ல. கிராமத்தில் நோய் இருந்தவர்கள் 64 பேர். அவர்களில் தனக்கு அது இருப்பது முன்பே தெரிந்தவர் ஒரே ஒருவர்! ஆஸ்பத்திரிகள் நிறைந்த நகரத்திலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தெரியாமல்தான் இருந்தார்கள். அப்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே திருவள்ளூர் மாவட்டம். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் ஏரி, நடுவில் நாங்கள். மருந்து வாங்கக் காசு இருக்கிறதா என்ற கேள்விக்கு வருவதற்கு முன்பே நூற்றில் தொண்ணூறு பேர் வரிசையிலிருந்து விலகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ளவர்கள்தான் என் கடைக்கு வந்தவர்கள்.

அவர்களுக்குள்ளும் எத்தனை தரம்! ஆவடி டேங்க் பேக்டரியில் இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருவர் தவறாமல் வருவார். மத்திய அரசுப் பென்ஷன், அதோடு மருத்துவ வசதி. அங்கே மருந்து வரத் தாமதமானால் மட்டும் என்னிடம் ஒரு புட்டி வாங்குவார். பில்லைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். தொழிற்பேட்டைக் கம்பெனியொன்றில் நிரந்தரத் தொழிலாளிக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ., அது இல்லாவிட்டால் கம்பெனி இன்ஷூரன்ஸ். அதே கம்பெனியில், அதே ஷிப்டில், அதே மிஷினில் நிற்கிற கான்ட்ராக்ட் ஆளுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும் என்று சொல்வார்கள். கான்ட்ராக்டர் மாறினதும் நம்பர் மாறும், இடையில் நாலு மாதம் பணம் கட்டாமல் விட்டிருப்பார்கள், டிஸ்பென்சரியில் போய் நின்றால் "உன் பேர் வரலை" என்பார்கள். அந்த நாலு மாதம் கண் நரம்பு காத்திருக்குமா?

இனி ஜாதிக்கு வருகிறேன். மருந்துக் கடை பில்லில் நோயாளி பெயர் இருக்கும், டாக்டர் பெயர் இருக்கும், பேட்ச் நம்பர், காலாவதி மாதம் எல்லாம் இருக்கும். ஜாதி இருக்காது. அதனால் மருந்துக்கும் ஜாதிக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் நினைத்தால், காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தெருவைக் கூட்டுகிறவர்கள் யார் என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அருந்ததியர், ஆதிதிராவிடர் வீடுகளில் இருந்துதான் அந்த வேலைக்கு ஆள் வந்தது. நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்த அப்பாவுக்கு அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடும் பென்ஷனும் இருந்தது. அதே வேலை தனியாருக்குப் போனபிறகு அதில் சேர்ந்த மகனுக்கு என்ன இருக்கிறது என்பது கான்ட்ராக்டரின் நாணயத்தைப் பொறுத்தது. வேலையைக் கான்ட்ராக்டுக்கு விடும்போது ஆணையில் ஜாதியின் பெயர் இருப்பதில்லை. அடிபடுகிறவர்களை வரிசையாக நிற்க வைத்தால் தெரியும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இருக்கும் இருளர் பழங்குடிக் குடும்பங்களின் கதை இன்னும் மோசம். ரேஷன் அட்டையே பெரும்பாடு, அட்டை இல்லாவிட்டால் காப்பீட்டு அட்டைக்கு வழி ஏது?

அமெரிக்காவில் இந்த மாதிரி விஷயங்களை நிறம் போட்டு எழுதி வைக்கிறார்கள். 1991-ல் பால்டிமோர் நகரத்து ஆய்வு ஒன்று வந்தது: இந்த நோய் கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட நாலு மடங்குக்கும் மேல். அதில் உடம்பின் பங்கு உண்டு. ஆனால் மருந்து கட்டுப்படியாகாமல் தவறவிடுகிறவர்களிலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் அதிகம் என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு உடம்பைக் காரணம் சொல்ல முடியாது. எழுதி வைத்ததால் அவர்கள் அதைப் பற்றிச் சண்டை போடவாவது முடிகிறது. நாம் எழுதுவதில்லை, அதனால் நம்மிடம் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

வீட்டுக்குள்ளே இன்னொரு தரம் இருக்கிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டும் ஒரு அக்கா வருவார். புருஷனுக்கு இன்சுலின், அது ஒரு நாளும் தவறாது. தனக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை இரண்டு மாதத்துக்கு ஒரு புட்டி வாங்குவார். கணக்கு இடிக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டுக்கறேண்ணே, வேலைக்கு அது போதும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அன்றைக்கு அவரை உட்கார வைத்து, எந்தக் கண்ணுக்குப் போடுகிறார் என்று கேட்டேன். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு. மற்றதைக் கைவிட்டுவிட்டார். ஊரில் எந்த ஆய்வும் இந்த மாதிரி ஒரு கணக்கை எடுத்திருக்காது.

அந்தப் புட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் உங்களுக்கே பயன்படும். இந்த நோய்க்கு அடிக்கடி எழுதிக் கொடுக்கும் லாட்டனோபுரோஸ்ட் புட்டி 2.5 மில்லி. ஏறத்தாழ 80 சொட்டு வரும். இரண்டு கண்ணுக்கும் ராத்திரி ஒரு சொட்டு வீதம் மாதத்துக்கு 60. அதாவது கை தவறிக் கன்னத்தில் விழுவதற்கு 20 சொட்டுதான் மிச்சம். கை நடுங்கும் பெரியவர்களுக்கு மூன்றாம் வாரமே புட்டி காலி. ஒரு சொட்டுக்கு மேல் கண்ணில் நிற்காது, இரண்டாவது வழிந்துதான் போகும். "ரெண்டு விட்டா நல்லா கேக்கும்" என்பது காசைக் கன்னத்தில் ஊற்றுவது. கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தில் இருக்கும் மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காது. வேறு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிஷம் இடைவெளி. திறக்காத லாட்டனோபுரோஸ்ட் பிரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்தபின் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கலாம், ஆனால் நம்ம ஊர் மே மாதத்தில், ஷீட் போட்ட வீட்டில் குளிர்ந்த இடம் எது? பிரிட்ஜ் இல்லாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொன்னால், பிரிட்ஜ் தேவைப்படாத மருந்தாகப் பார்த்து எழுதுவார்கள். யாரும் சொல்வதில்லை. வெட்கம். திறந்த தேதியைப் புட்டியில் பேனாவால் எழுதுங்கள். ஒரு மாதம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட வேண்டும், ஏழை வீட்டில் எறிய மனசு வராது என்றாலும்.

இதே நோய்க்கு டிமோலால் என்ற பழைய மருந்து ஒன்று உண்டு, 1970-களின் கடைசியில் உலகச் சந்தைக்கு வந்தது. இன்றைக்கும் ஒரு புட்டி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இழுப்பு, ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு ஆகாது. கண்ணில் விடுவதுதானே என்று நினைப்பார்கள், மூச்சுத் திணறல் வந்துவிடும். லாட்டனோபுரோஸ்ட் பிராண்டைப் பொறுத்துச் சில நூறு ரூபாய். 2022 செப்டம்பரில் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் ஏறினால் விலைக்கு அரசு உச்சவரம்பு வைக்கும். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிராண்ட் பெயரைச் சொன்னால் "இல்லை" என்று பதில் வரலாம்.

மருந்து விலை ஒரு பங்குதான். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் இலவசமாக மருந்து வாங்கலாமே என்று எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். 1819-ல் ஆரம்பித்தது, உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று, நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அம்பத்தூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து எழும்பூர் போய், டோக்கன் போட்டு, பிரஷர் பார்த்து, ஓரப் பார்வையைச் சோதிக்கும் பீல்டு டெஸ்ட் எடுத்து, கண்பாப்பா விரிய மருந்து விட்டு உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். நாள்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போச்சு. கண் மங்கலாக இருப்பதால் துணைக்கு வந்த மகளின் கூலியும் போச்சு. அந்த இரண்டு கூலியில் கடையிலேயே மருந்து வாங்கியிருக்கலாம். இலவசம் என்பது நாள் கையில் இருக்கிறவர்களுக்குத்தான். பூந்தமல்லி பக்கத்து ஆட்களுக்கு இப்போது நூம்பலில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வந்திருக்கிறது, தூரம் குறைந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு உதவும். மாதாமாதம் கடையில் வாங்கும் சொட்டு மருந்துக்கு உதவாது. வியாதியோ மாதாமாதம்.

வெல்டிங், பேப்ரிகேஷன் ஷெட்டுகளில் வேலை செய்யும் பையன்கள் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். கண்ணாடி போடாமல் வெல்டிங் அடித்துவிட்டு ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரிய, கடைக்கு ஓடி வருவீர்கள். பக்கத்தில் இருப்பவன் ஒரு புட்டியின் பெயர் சொல்வான். அப்படிச் சொல்லும் புட்டிகளில் பலவும் ஸ்டீராய்டு கலந்தவை, டெக்ஸாமெத்தசோன் மாதிரி. போட்டால் சிவப்பு உடனே போகும். அதனால் மறுபடியும் அதையே கேட்பீர்கள். சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது என்பது சட்டம், விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், இருபத்தைந்து வயதிலேயே கிளாக்கோமா. என் கடையில் இல்லை என்று சொல்லி அனுப்பினால் அடுத்த கடைக்குப் போவார்கள். பீகார், ஒடிசாவில் இருந்து வந்த பையன்களுக்கு என்னால் கையைக் காட்டித்தான் விளக்க முடிந்தது. புட்டியைக் காட்டி, கண்ணைக் காட்டி, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். அவர்களுக்கு இங்கே ரேஷன் அட்டையும் கிடையாது, தமிழும் கிடையாது, சூப்பர்வைசர் சொல்வதே வேதம். ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள்.

இ.எஸ்.ஐ. பற்றி ஒரு விஷயம், பாதிப் பேருக்குத் தெரியாது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. சம்பளச் சீட்டில் பிடித்திருந்தால் போதாது, உங்கள் பேரில் கட்டியிருக்கிறார்களா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள், செல்போனிலேயே தெரியும். குறைந்தது ஐந்து வருஷம் அதில் இருந்து ரிட்டையர் ஆனவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் வைத்தியம் தொடரும். வருஷத்துக்கு நூற்று இருபது! ரிட்டையர் ஆன அன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து, கைக்காசு போட்டு மருந்து வாங்கி, கைக்காசு தீர்ந்ததும் மருந்தை விட்டவர்களை நான் நிறையப் பார்த்தேன். கிளாக்கோமா பெரும்பாலும் வேலை விட்ட பிறகு வருகிற வயசுக்காரர்களுக்குத்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மருந்தே வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. அதில் ஒன்று பிறந்ததே நம்ம எழும்பூரில். அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909 வாக்கில் கண்ணின் வெள்ளைப் பகுதியும் கருவிழியும் சேரும் இடத்தில் சிறு துளை போட்டுத் திரவத்தை வடிய விடும் ஆபரேஷனைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க அதை எலியட் பெயராலேயே செய்தார்கள். இன்றைக்குச் செய்வது அதன் திருத்தப்பட்ட வாரிசு. மதுரை அரோலேப், ஏழைகளுக்கும் கட்டுப்படியாகிற வடிகால் குழாய்க் கருவி ஒன்றைச் செய்து தருகிறது. லேசரும் இருக்கிறது. இங்கிலாந்தில் புதிதாக நோய் கண்டவர்களுக்கு முதலிலேயே லேசர் வைத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நாலில் மூன்று பங்கு பேருக்கு மூன்று வருஷம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. டாக்டர் எதிரில் உட்காரும்போது "எனக்கு மாதாமாதம் இதை வாங்க முடியாது, வேறு வழி இருக்கா சார்?" என்று கேட்க நா எழ வேண்டும். மருந்து வாங்கினதாகப் பொய் சொன்னால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அதைவிட விலையுள்ளதை எழுதுவார். இது அடிக்கடி நடப்பது.

உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ, அப்பாவுக்கோ, கூடப்பிறந்தவர்களுக்கோ இது இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். நாற்பது வரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடி கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது, பிரஷரும் நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ஆரம்பித்தபோது எனக்கு வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். சர்க்கரை மாத்திரையும் கொதிப்பு மாத்திரையும் பையில் போட்டு வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த பையில் கண் சொட்டு மருந்து இருந்து நான் பார்த்ததில்லை. இதுவும் வாழ்நாள் மருந்துதான், இதுவும் நிறுத்தினால் வலிக்காத வியாதிதான். டிமோலால் புட்டி சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. இழுப்பு இருக்கிறதா என்று ஒரு கேள்வி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்க ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கூலி போகாது. கவுன்சிலர் பகுதி சபைக் கூட்டம் போடும்போது சாக்கடை, தெருவிளக்கு பற்றி எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் இதைக் கேளுங்கள். போகும்போது பாட்டியின் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தின் பெயரை யாராவது திருப்பிக் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே.